புளிப் போத்தலும் பக்கத்து அறைக்காரியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? அம்மா எண்ணெய் பூசிவிடுகிறாவா? நான் சுகமாக இருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி ஒருவரையும் நம்பாமல்தான் இருக்கிறேன். பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த பிலிப்பைன்ஸ்காரி மரிதெஸையும் நம்பவில்லை. ஒஸ்லோவில் அயலவர் முகம் பார்த்துக் கதைப்பதே குறைவு. இவள் மட்டும் என்னைக் கண்டால், சாப்பிட்டியா என்று கேட்கிறாள். இவளுக்கு ஏன் அது?

அதோடு எங்கள் பொதுச் சமையலறையில் வைத்த என் பழப்புளிப் போத்தலும் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் அவள் இல்லாத நேரம் அவளுடைய சட்டியைத் திறந்து பார்த்தேன். மீனும் கங்குன் கீரையும் போட்டு, ஒடியல் மா மட்டும் போடாத கூழ் மாதிரி ஒன்று. மணத்திலேயே தெரிந்தது, என் புளிதான். கேட்டுவிடுவதென்று இருந்தேன்.

நேற்று வேலை முடிந்து வர, அடுப்பில் இரண்டு சட்டி. சின்னதைக் காட்டி, "உன்ரை புளியிலைதான் வைச்சனான். இதிலை மீன் போடேல்லை, இண்டைக்கு வெள்ளியெல்லோ," என்று தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நான் மீன் மச்சம் தொடுவதில்லை என்று அவளுக்குச் சொன்னதே இல்லை, அப்பா. நான் அவளைக் கவனித்த நாளெல்லாம் அவளும் என்னைக் கவனித்திருக்கிறாள்.

சாப்பிட்டேன். உப்புத்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

மாமா வரும்போது பழப்புளி இரண்டு பொதியாகக் கொடுத்துவிடுங்கள். அவளுக்கென்று ஒன்று இருந்தால் என்னுடையதில் கை வைக்கமாட்டாள், அதற்காகத்தான்.

கதவைத் தட்டுகிறாள். சாப்பிட்டேனா என்று கேட்கத்தான் இருக்கும். இன்னும் சாப்பிடவில்லை, போகிறேன்.

மகள்,
சாருகா