நீலத் தொட்டியின் நீர்மட்டம்

செவ்வாய்க்கிழமை
ஆய்வுக்கூடம், மதிய இடைவேளை

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் இருமல் விட்டுவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று முறை இருமினீர்கள். மூன்று முறையும் லைன் சரியில்லை என்றீர்கள். ஆலையின் கொதிகலன் அறையிலிருந்து வியர்வையோடு வெளியே வந்து குளிர்காற்றில் நிற்காதீர்கள் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. அதற்குள் நாலைந்து முறை படித்துவிட்டேன். மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வீடு ஒரு சமநிலைக்கு வந்துவிட்டது. வாலுவும் பழகிக்கொண்டாள். இப்போது நான் வந்து எதற்குக் கலைக்க வேண்டும்? நீ என்ன சொல்கிறாயோ அதுதான்’ என்ற வரிகளைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சமநிலை என்ற அந்தச் சொல்லைத்தான் போன வாரம் முழுக்க வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

காலாண்டுத் தேர்வில் வணிகப் பிரிவுப் பையன் ஒருவன், வெப்பநிலை கூடினால் சமநிலை விலை நகரும் என்று எழுதியிருந்தான். என் வேதியியல் வகுப்பில் ஒருத்தி, பொருளுக்குக் கிராக்கி கூடினால் வினை முன்னோக்கிப் போகும் என்றாள். நான் அவளுக்குப் பூஜ்ஜியம் போட்டேன். பொருளியல் சார் பையனுக்கு அரை மதிப்பெண் கொடுத்தார். ஐஸ்கிரீம் விலை என்று வைத்துக்கொண்டால் சரிதானே என்பது அவர் வாதம். எதைக் கேட்டாலும் பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டுக் காட்டுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கத்திரி. அது அவருக்கும் தெரியும்.

தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கச் சொன்னார். தானும் வந்து உட்காருவதாகச் சொன்னார்.

நான் யோசித்தது எளிய சோதனைதான். இரண்டு தொட்டி, ஒன்றில் நிறையத் தண்ணீர், இன்னொன்று காலி. ஒருவன் நிறைந்த தொட்டியிலிருந்து பெரிய குவளையால் மொண்டு காலித் தொட்டியில் ஊற்ற வேண்டும். இன்னொருவன் அங்கிருந்து சின்னக் குவளையால் திருப்பி ஊற்ற வேண்டும். நிறைந்த தொட்டியில் மட்டம் இறங்க இறங்கப் பெரிய குவளையில் வருவது குறையும். ஒரு கட்டத்தில் இந்தப் பக்கம் போவதும் அந்தப் பக்கம் வருவதும் ஒரே அளவாகிவிடும். இருவரும் ஊற்றுவதை நிறுத்தவே மாட்டார்கள், ஆனால் மட்டம் அசையாது. வெளியே அமைதி, உள்ளே ஓயாத வேலை. அதுதான் பாடம்.

தொட்டி ஒன்று குறைந்தது. வாலு பிறந்தபோது அவளைக் குளிப்பாட்ட நீங்கள் வாங்கிவந்த நீலத் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துப் போனேன்.

சோதனை அமர்க்களமாக நடந்தது. இருபது முறை மாற்றி ஊற்றியதும் மட்டங்கள் நின்றுவிட்டன. பையன்கள் அளவுகோலை வைத்துப் படித்த எண்களைப் பலகையில் எழுதினேன். ஐந்து முறை ஒரே எண். பார்த்தீர்களா, இதுதான் சமநிலை என்றேன். கத்திரி சார் எழுந்து, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் வைத்து அதையே சொன்னார். தலைமையாசிரியை கைதட்டினார்.

மணி அடித்ததும் முன்வரிசைப் பெண்கள் ஆறு பேர் ஒன்றாக வந்து தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டார்கள். ஆறு பேர் புட்டியும் காலி. மேசையைப் பார்த்தேன். நீலத் தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி, மேசையின் வடிகால் குழிக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பரணில் கிடந்ததில் அடியில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற வகுப்புத் தலைவி அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். இறங்க இறங்க முன்வரிசைக்காரர்களின் புட்டிகளை வாங்கி ஊற்றி, மட்டத்தை விடாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

“நீங்க எல்லாரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க டீச்சர். எப்படிச் சொல்றது?” என்றாள்.

கத்திரி சார் கேட்டுக்கொண்டே கோப்புகளை அடுக்கினார். அவள் செய்த காரியத்துக்குத் பொருளியலில் பெயரே இருக்கிறது, ஆதரவு விலை என்பார்கள் என்று சிரித்தார். பிறகு, எனக்கென்று சொல்லாமல் பொதுவாகச் சொல்வதுபோல், “விலை அசையாம நிக்குதேன்னு மட்டும் நம்பிடக் கூடாது டீச்சர். பின்னாடி யாராவது தாங்கிப் பிடிச்சிருக்காங்களான்னு பாக்கணும். அவங்க கையை எடுத்தாத்தான் உண்மை தெரியும்” என்றார்.

மறுநாள் இரண்டு பிரிவையும் மறுபடி கூப்பிட்டு, நேற்று நீங்கள் பார்த்தது சமநிலை இல்லை, ஒரு ஓட்டையும் ஒரு நல்ல மனசும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் வாலு வரைந்ததாகக் கப்பல் படம் ஒன்று அனுப்பினேனே, உங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னீர்களே, அது நான் இடது கையால் வரைந்தது. அப்பா எப்ப வருவாங்க என்று கேட்டுத் தூங்கவில்லை என்று எழுதியது, உங்கள் சட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள் என்று எழுதியது, இரண்டும் நான் சேர்த்தவை. இந்தப் பக்கமும் அப்படித்தான். அப்பா அனுப்பியது என்று நான் கொடுத்த சிவப்புக் கிளிப் தெருமுனைக் கடையில் வாங்கியது. ஞாயிறுதோறும் உங்கள் போன் வருவதற்கு அரை மணி முன்பே அவளை உட்காரவைத்து, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். சொன்னபடி பேசினால் ஒரு சாக்லேட். நீங்கள் மூன்று வருடமாகப் பார்த்த மட்டம் அதுதான். உங்களை ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. அவ்வளவு தொலைவில், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறவருக்கு வேறு என்ன அனுப்ப முடியும் என்றுதான்.

இந்த ஞாயிறு கையை எடுத்துப் பார்த்தேன். எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன் மணி அடித்தது. வாலு எடுத்து, உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, “அம்மா, உனக்கு போன்” என்று என்னிடம் நீட்டினாள். அவளுக்கு இல்லையாம், எனக்காம்.

அவள் எங்கே என்று கேட்டீர்கள். தூங்குகிறாள் என்றேன். என் எதிரே உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு புட்டித் தண்ணீர்தான். கடைசிப் புட்டி.

அவள்மேல் தப்பில்லை. நீங்கள் போனபோது அவளுக்கு இரண்டரை வயது. உங்கள்மேலும் தப்பில்லை. லைன் சரியில்லை என்று இருமலை மறைக்கிற நீங்களும் அந்தப் பக்கத்திலிருந்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

இந்தக் கடிதத்தோடு அன்று அவள் தீட்டிய படத்தை வைத்திருக்கிறேன். நான் கைவைக்கவில்லை. அதில் அவளும் நானும் ஒரு பூனையும் இருக்கிறோம். நம் வீட்டில் பூனை கிடையாது.

கையெழுத்துப் போட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன். பேனா போகவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது கையில் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு, போன் செய்ததும் நேராக அவளிடமே பேசுங்கள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பேன். அவள் ஒன்றும் பேசாமல் போகலாம். வைத்துவிடாதீர்கள். அவள் மூச்சு விடுவது கேட்கும். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு அந்த ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

நீலத் தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. வெடிப்பை எதை வைத்து அடைப்பது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலுவின் அம்மா