அடக்கச் சேலை

பாளையங்கோட்டை
நவம்பர் 9

தம்பி எபனேசருக்கு,

அக்கா எப்சி எழுதுகிறேன். ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கத்தான் பழகின கை போகிறது. இன்றைக்கு அதை எழுத மனம் வரவில்லை. கடிதம் முடிவதற்குள் வந்தால் கடைசியில் போட்டுக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ ‘அக்கா, அக்கா’ என்று இழுத்தாயானால் என் கோபத்தில் பாதி ஓடிப்போகும். அது ஓடிப்போகக் கூடாது. முழுசாக உன் கையில் சேர வேண்டும். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று உன் பார்சல் வந்தது. அம்மாவின் வேதாகமம், மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த தைலப் புட்டி எல்லாம் உடையாமல் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பளபளக்கிற தாளில் சுற்றி, அம்மாவின் சந்தன நிறக் கல்யாணச் சேலை இருந்தது. சலவைக்குப் போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. உன் வீட்டுக்காரி ஸ்வீட்லின் போனில் பேசினாள். அத்தையின் கல்யாணச் சேலை மதினிக்குத்தான் சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்பினாளாம். அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டுக்கு வந்த பிள்ளை, அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உன்னைத்தான் கேட்கிறேன்.

அது அம்மாவின் அடக்கச் சேலை, எபி. ‘என்னைய இதுலதான் வைக்கணும், தெரிஞ்சிதா’ என்று நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய தலையணை உறையில் இரண்டு அந்துருண்டையோடு போட்டு வைத்திருப்பாள். எந்த ஊருக்குப் போனாலும் அது பெட்டியின் அடியில் போகும். என் பிரசவத்துக்கு நாகர்கோவில் வந்தபோதும் கொண்டுவந்தாள், கண் ஆபரேஷனுக்குப் போனபோதும் கொண்டுபோனாள். அப்பா சும்மா இருப்பாரா? ‘ராணி கெளம்பியாச்சி, அங்கிய எடுத்தாச்சா’ என்று வாசலில் நின்று கேலி பண்ணுவார். உன் வீட்டுக்குப் புறப்பட்டபோது நான்தான் கூடவிருந்து பெட்டி கட்டினேன். ஜப்பானுக்கு வீசா இருக்கிறதோ இல்லையோ, சேலை முதலில் உள்ளே போய்விட்டது.

உனக்கு இது தெரியாது என்பாய். எப்படித் தெரியும்? அம்மா சாவைப் பற்றி வாயெடுத்தாலே நீ சோற்றுத் தட்டோடு எழுந்து போவாய். பாசம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஊதாச் சேலையை உடுத்தி அனுப்பினாயாம், உன் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்தது. அம்மாவுக்கு அது பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போய், ‘எபி எடுத்தது’ என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளப் பிடிக்கும். அடக்கத்துக்கென்று போட்டு வைத்ததை இங்கே அனுப்பிவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி அவளை அனுப்பியிருக்கிறாய்.

சேலையாவது தெரியாமல் நடந்தது. நெருப்பு? அந்த நாட்டில் எல்லாரையும் எரிப்பதுதான் வழக்கம், புதைப்பதற்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று எழுதினாய். இருக்கட்டும். அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. அம்மா எந்த நாட்டுக்காரி? விமானத்தில் கொண்டுவர நாளாகும், பேப்பர் அதிகம் என்றாய். நம் தெருக்கோடி கணேஷ்ராம் மஸ்கட்டில் வெல்டிங் வேலை பார்த்தவன். அவன் உடம்பு பெட்டியில் வந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. அவன் தம்பிமார் ஆம்புலன்சில் போய் வாங்கி வந்தார்கள், அவன் அம்மா முகம் பார்த்தாள். வெல்டருக்குக் கிடைத்தது எஞ்சினியரின் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. ஒருவேளை உண்மையிலேயே முடியாமல் இருந்திருக்கலாம். முடியாது என்பதை என்னிடம் சொல்லி, நான் கத்தி, அழுது, பிறகு சரி என்று சொல்லியிருப்பேன். நீ என்னிடம் கேட்கவே இல்லை. தெரிவித்தாய். அதுவும் குடும்ப குரூப்பில், பெரியப்பா மகன் வீட்டுப் பால்காய்ச்சுப் படங்களுக்கு அடியில்.

இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கோவில் மணி அடித்தார்கள். பந்தல் போட்டோம், நாற்காலி போட்டோம். ஊர் சனம் வந்தது. உள்ளே வந்தவர்கள் பெட்டியைத் தேடினார்கள். பெட்டி இல்லை. மாலையோடு வந்தவர்களுக்கு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. கடைசியில் அம்மா உட்காரும் பிரம்பு நாற்காலியில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனார்கள். நாற்காலிக்கு மாலை போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யார் தலைமாட்டில் உட்கார்ந்து நான் அழுவது? எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். நல்ல மனத்திடம் என்று பேசிக்கொண்டார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஆசியா உம்மாள் வந்திருந்தாள். நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் தாவூதைப் பெற்றவள், அம்மாவின் சிநேகிதி. மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் இப்போது. ‘மொகத்தப் பாத்தியா எப்சி’ என்று கேட்டாள். இல்லை என்றேன். எரித்துவிட்டார்கள் என்று தாவூது பைய அவள் காதில் சொன்னான். ‘நெருப்புலயா? எம் பாக்கியத்தையா?’ என்று அம்மா பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டாள் பார், தெரு திரும்பியது. அந்த வீட்டில் அன்றைக்கு வாய்விட்டு அழுதது அவள் ஒருத்திதான். பெற்ற மகள் நான் காப்பித் தம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

சபைக் கமிட்டியில் ஒரு அண்ணாச்சி, பெயர் வேண்டாம், எரிக்கப்பட்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டாராம். அவர் வீட்டுக்கே போனேன். அப்பாவின் கல்லறையில் அம்மாவுக்கென்று பாதி இடம் விட்டுக் கட்டியிருக்கிறது, கல்லில் பெயரும் வெட்டியிருக்கிறது, அதை மூடி வைக்க நீர் யார் வே என்று வாசலிலேயே கேட்டேன். ‘நான் பொதுவாத்தான் கேட்டேன்’ என்று துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார். குருவானவர் ஐயா தாராளமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆகையால் அந்தக் கவலை உனக்கு வேண்டாம். என் தம்பியைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. அந்த அண்ணாச்சிக்கு அம்மாவைப் பற்றிப் பேச உரிமை கிடையாது.

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவிடம் போனேன். வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி வைத்தேன். அம்மாவின் பாதியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே ஆளில்லை. மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, கையால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டு வந்தேன்.

இனி, நீங்கள் அனுப்பின அந்த வீடியோ. எரித்த அடுப்பிலிருந்து இரும்புத் தட்டை இழுக்கிறார்கள், நீயும் ஸ்வீட்லினும் கறுப்பு உடுப்பில் நிற்கிறீர்கள், ஆளுக்கு ஒரு சோடி நீளக் குச்சி. கால் பக்கத்திலிருந்து தொடங்கித் தலைவரைக்கும், ஒவ்வொரு எலும்பையும் இரண்டு பேருமாகச் சேர்த்துப் பிடித்து அந்த வெள்ளை ஜாடியில் போடுகிறீர்கள். பாதி பார்த்ததும் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். நம்மைப் பெற்றவளை நூடுல்ஸ் எடுப்பதுபோல எடுக்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘இங்கே யாரும் சத்தமாக அழ மாட்டார்கள் மதினி, அதனால் அவரும் அழவில்லை’ என்று ஸ்வீட்லின் சொன்னாள். அப்பா அடக்கத்தில் பெட்டியை ஆணியடிக்க விடாமல் அதன்மேல் விழுந்து கிடந்தவன் நீ. நாலு பேர் சேர்ந்து உன்னைத் தூக்கினார்கள். ஊரைப் பார்த்து அழுகையை மாற்றிக்கொண்டாயாக்கும்.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு அக்காவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவளும் என்னோடு சேர்ந்து உன்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் காட்டினேன். அவள் கடைசிவரைக்கும் பார்த்தாள். ‘இதுல என்னட்டி இருக்கு? எங்கள்லயும் மறுநாளு காடாத்துக்குப் போயி, பால ஊத்தி, எலும்பப் பொறுக்கி ஆத்துல கொண்டுபோயி விடத்தான செய்யோம். பெத்த பிள்ளதான் பொறுக்கும். வேற யாரு தொடுவா?’ என்றாள். அவள் வீட்டுக்காரரைக் குறுக்குத்துறை ஆற்றில் விட்டபோது பெண்பிள்ளைகளுக்கு அங்கே போக வழியில்லையாம், மகன் வந்து, எலும்பு பொறுக்கின கையை அவள் முன்னால் விரித்துக் காட்டினானாம். அதோடு விட்டாளா? ‘ஒந் தம்பி கையப் பாத்தியா?’ என்று கேட்டாள். நான் பார்த்திருக்கவில்லை.

பிறகு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஸ்வீட்லின் குச்சி நேராக இருக்கிறது. உன் குச்சி ஆடுகிறது. கடைசிக்கென்று விட்டு வைத்த கழுத்தெலும்பை எடுக்கும்போது உன்னால் பிடிக்கவே முடியவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் உன் முழங்கைக்கு அடியில் கை கொடுக்கிறார். எபி, என் கோபம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த இடத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடியாததால் லீவு கிடைக்காது, ஜாடியை ஏஜெண்ட் மூலமாகத் திருவனந்தபுரத்துக்கு ‘அனுப்பி’ வைக்கிறேன், நான் பிறகு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. அனுப்பினால் வாங்க மாட்டேன். தைலப் புட்டியோடும் கண்ணாடியோடும் வந்ததுபோல அம்மா வரக் கூடாது. கையெழுத்துப் போட்டு என் அம்மாவை நான் வாங்க மாட்டேன். விமானத்தில் மேலே வைக்கச் சொன்னாலும் வைக்காதே, மடியில் வைத்துக்கொண்டு வா. உன்னை அவள் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எத்தனை ஊருக்குப் போயிருக்கிறாள்!

சேலையை அந்தப் பளபளக்கிற தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இஸ்திரி வாடை போகிற மட்டும் கொடியில் போட்டு, பழைய தலையணை உறையிலேயே வைத்திருக்கிறேன். நீ வந்ததும் ஜாடியை அந்தச் சேலையில் சுற்றுவோம். நீ ஒரு முனையைப் பிடி, நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன். அப்பா பக்கத்தில் வைப்போம். ஆசியா உம்மாளையும் தாவூது கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான். வடிவு அக்காவும் வருவாள்.

நான் இன்னும் அழவில்லை, எபி. முகம் பார்க்காமல் எனக்கு அழுகை வரவில்லை. அந்த முகம் இனிமேல் இல்லை. கடைசியாக அவளைத் தொட்டது உன் கைதான். அந்தக் கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே நாம் எவ்வளவு சத்தமாக அழுதாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஏலே, வந்துரு.

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,
அக்கா எப்சி