அண்ணிக்குச் சொல்ல வேண்டியிருந்த படம்

என் ஆசை சுலோ அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. போன மாதம் நம் வீட்டில் டி.வி. வாங்கினார்கள். அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அண்ணன் மனைவி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மருமகளாக வந்தவர். நான் பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாம் இருவரும் ஒரே வீட்டில் என்ன பாடுபடுவோமோ என்று தெருவே காத்திருந்தது. நமக்கோ ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

வாரப் பத்திரிகை வெள்ளிக்கிழமையே வந்துவிடும். தொடர்கதையை ஞாயிறு வரை பிரிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். நீங்கள் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, நான் வாசிக்கும்போது புதிதாகக் கேட்பதுபோல் கன்னத்தில் கை வைத்துக்கொள்வீர்கள். எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? ரேடியோவில் பாட்டு ஓட, பத்திரிகையில் போட்ட பலகாரம் ஒன்றைச் செய்து பார்ப்போம். பல வாரம் அது கல்லாகத்தான் வரும். அதையும் சிரித்துக்கொண்டே தின்போம். மத்தியானம் மேட்னி. முந்தானைக்குள் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம். இடைவேளைக்குள் காலடியெல்லாம் கடலைத்தோல் குவிந்திருக்கும்.

ஒரு ஞாயிறு செங்கம் ரோட்டில் நடந்து வந்தபோது, ஒரு வெள்ளைக்காரம்மா மலையை வரைந்துகொண்டிருந்தாள். மலை முழுக்க ஊதா நிறம். ஓவிய டீச்சர் நான் முகம் சுளித்தேன். நீங்கள் மலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“ஊதாதான் கனகா. நாமதான் சரியா பாக்கல.”

அப்புறம்தான் நானும் பார்த்தேன். ஊதாதான்.

உங்கள் கால் வீங்க ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். முகமும் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் கடையை மூடிவிட்டு உங்களோடு அங்கேயே தங்கினார். நான் ஞாயிறு தவறாமல் போளூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். கைப்பையில் பத்திரிகை, அந்த வாரம் நான் வரைந்த ஏதாவது ஒன்று. தொடர்கதையை வாசித்துக் காட்டுவேன். உப்பு ஆகாது என்று சொல்லிவிட்டதால் பலகாரம் கொண்டுவர முடியாது. ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள்.

“இன்னா செஞ்ச இந்த வாரம்? காரம் ஜாஸ்தியா? எண்ணெ எவ்ளோ ஊத்தின? ஒண்ணொண்ணா சொல்லு.”

நான் சொல்லச் சொல்ல நீங்கள் கண்ணை மூடி எச்சில் விழுங்குவீர்கள். அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைசியாகப் பார்த்த ஞாயிறு நீங்கள்தான் சொன்னீர்கள்.

“அந்தப் புதுப்படம் அடுத்த வாரம் நம்மூருக்கு வருதாமே. நீ போய் பாத்துட்டு வா. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு இங்க வந்து எனக்குக் கதை சொல்லு. ஒரு சீன் உடாம சொல்லணும்.”

“நீங்க வந்தப்புறம் சேந்து பாக்கலாம் அண்ணி.”

“அதுக்குள்ள படத்த தூக்கிடுவாங்க. போடி.”

போனேன். அடுத்த ஞாயிறு வேலூர் பஸ்ஸை விட்டுவிட்டு, நம் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சீனும் மறந்துவிடக்கூடாதே என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் பிரிந்துபோய், ஒரே ஊரில் யார் யார் என்று தெரியாமல் வாழும் கதை. நகைச்சுவை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு ஸ்லைடு விழுந்தது. கையால் எழுதியது. ‘கனகா டீச்சர் உடனே வெளியே வரவும்.’

வாசலில் எதிர்வீட்டுத் தையல்கார ரஹமத் பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேலூர்லருந்து போன் வந்துது டீச்சர். ஊட்டுக்குப் போலாம் வாங்க.”

“அண்ணி எப்படி இருக்காங்களாம் பாய்?”

“ஊட்டுக்குப் போலாம் வாங்கம்மா.”

நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

உங்களைக் கொண்டுவந்து கிடத்தியபோது அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “காலையிலருந்து நீ வருவேன்னு கதவையே பாத்துட்டு இருந்தா கனகா.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. அண்ணி, என்னைப் போகச் சொன்னது உங்களுக்கு மறந்துபோனதா? இல்லை, சொன்னாலும் இவள் போகமாட்டாள், வந்துவிடுவாள் என்று இருந்தீர்களா? ஒன்பது வருஷமாக நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் நல்ல பெண், ஒரு குறை சொல்ல முடியாது. உங்கள் போட்டோ கொஞ்ச நாள் கூடத்தில் இருந்தது. வெள்ளையடித்தபோது கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் அம்மாவும் போன வருஷம் போய்விட்டார்கள். இந்த வீட்டில் உங்கள் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. நானும்தான்.

அன்றைக்கு அப்புறம் நான் தியேட்டர் பக்கம் போனதில்லை. பத்திரிகையை நிறுத்திவிட்டேன். செய்து பார்க்காமல் இல்லை அண்ணி. இரண்டு வாரம் தனியாகப் பலகாரம் செய்தேன். நன்றாகவே வந்தது. தின்ன முடியவில்லை.

போன ஞாயிறு சாயந்திரம் டி.வி.யில் அந்தப் படம் போட்டார்கள். பெயர் விழுந்ததுமே எழுந்திருக்கப் பார்த்தேன். அப்புறம், முடிவைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குச் சொல்லி முடித்ததுபோல் ஆகுமே என்று உட்கார்ந்தேன். நான் சிரித்த இடம் வந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு.

“இந்தப் படம் முன்னாடியே பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் அண்ணன் மனைவி.

“பாதி பாத்தேன்” என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முடிவு வரை பார்த்தேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடுகிறார்கள். எல்லோரும் நின்று பாடுகிறார்கள். அவ்வளவுதான். இதோ சொல்லிவிட்டேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

காலம் ஆற்றிவிடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இதில் வெளிச்சம் வரும் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அதனால் சந்தோஷமாக இருப்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் முடியும். எனக்கு ஆறிவிட்டது என்று யாரிடமும் பொய் சொல்லமாட்டேன். ஏன் படத்துக்கு வருவதில்லை என்று கேட்பவர்களிடம் இனி உங்கள் பெயரைச் சொல்லி, உங்களுக்காகத்தான் என்று சொல்வேன். நான் இருக்கும் வரைக்கும்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கனகா