ஒன்று குறைகிறது

மாணவியர் விடுதி, தருமபுரி
20.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

விடுதி போனில் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். இதையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும்.

திருப்புதல் தேர்வில் x²/((x−1)(x−2)) என்பதைத் தொகையிடச் சொன்னார்கள். பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே படி. முதலில் வகுத்தால் ஒன்று தனியே வரும். மீதிதான் −1/(x−1), 4/(x−2). அந்த ஒன்றைத் தொகையிட்டால் x. கணக்கு எடுக்கும் மாதவராஜ் சார் வகுக்காமல் அந்த இரண்டு பின்னத்தோடு நிறுத்திவிட்டார். அவர் விடையில் x இல்லை. என்னுடையதில் இருக்கிறது என்று ஐந்து மார்க் போச்சு.

எழுந்து சொன்னேன். “மீன் வறுக்கிற வூட்டுப் பொண்ணு எனக்குக் கணக்கு சொல்றியா?” என்றார். மன்னிப்பு எழுதித் தரும்வரை வராந்தாவில்தான் உட்கார வேண்டுமாம். எழுத மாட்டேன்.

பூவிழி

ஒகேனக்கல்
24.1.2025

கண்ணு பூவிழிக்கு,

சாப்பிட்டியான்னு தெரிய ஒரு வரி இல்லை, முழுக்கக் கணக்கு. கடையில் கூட்டம், ரெண்டு கை போதலை. ரெண்டு வரிதானே, எழுதிக் கொடுத்துட்டு உள்ளே போ சாமி. மார்ச்சில் பரீட்சை. சார் படிச்சவர். அவர் தப்புன்னு நான் எப்படி நம்புவேன்?

அம்மா, காசியம்மாள்

விடுதி
28.1.2025

அம்மா,

நம்ப வேண்டாம். போட்டுப் பாருங்க. x இருக்கும் இடத்தில் 3 வைத்து, கணக்கையும் சார் பிரித்ததையும் தனித்தனியாகப் போடுங்க. ரெண்டும் ஒன்றாக வந்தால் அன்றைக்கே எழுதித் தருகிறேன்.

சாப்பிடுகிறேன்.

பூவிழி

வார்டன் மேடம், நீங்களும் போட்டுப் பாருங்க.

ஒகேனக்கல்
1.2.2025

கண்ணு,

மூணு போட்டேன். கணக்கு நாலரை, சார் பிரிச்சது மூணரை. சந்தேகத்துக்குப் பூஜ்யம் போட்டேன். கணக்கு பூஜ்யம், சாருக்கு மைனஸ் ஒண்ணு வருது. நாலு போடும்போது ஒரு சட்டி மீன் கருகிப்போச்சு. அங்கேயும் ஒண்ணு குறையுது. உன் கடிதத்து ஓரத்தில் பென்சிலில் யாரோ அஞ்சு வெச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. உன் கையெழுத்து இல்லை. அதிலேயும் ஒண்ணு குறையுது.

மன்னிப்பைப் பள்ளிக்கூடத்திலேயே டைப் அடிச்சு என் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தாங்க. அந்த வரிகளைக் கோடு போட்டு அடிச்சுட்டு, நாலு கணக்கையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கேன். திங்கட்கிழமை நானே கொண்டு வர்றேன். உள்ளே விட்டா படி. விடலேன்னா பெட்டியைக் கட்டு, வூட்லேயிருந்து போய் எழுதிக்கலாம். பரீட்சை நம்பர் உன் பேரில் இருக்கு, அவங்க பேரில் இல்லை.

அம்மா, காசியம்மாள்