‘முடிந்தது’ என்று சொல்லாத நாள்

ஆகஸ்ட் 6

கணினி அறைக்கு மேசைகள் வந்து இறங்கிவிட்டன. மேசைகள் மட்டும். கணினி எப்போது என்று கேட்டதற்குத் தலைமையாசிரியை, "வர்றப்போ வரும். நீங்க பாடத்தை நிறுத்தாதீங்க" என்றார். அடுப்பே இல்லாமல் சமைக்கச் சொல்கிற கதை. சரி, சமைப்போம்.

பின்பக்கச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டங்கள் போட்டேன். மூன்றாம் வகுப்புக்கு அதுதான் கணினி. ஒரு பிள்ளை மெஷின், ஒரு பிள்ளை கட்டளை சொல்கிற ஆள். முன்னே, வலப்பக்கம், இடப்பக்கம், அவ்வளவுதான் கட்டளைகள். மெஷின் தானாக எதுவும் செய்யக் கூடாது. கட்டளை சொன்ன ஆளே "முடிந்தது" என்று சொன்னால்தான் அது மறுபடி பிள்ளையாகலாம்.

வகுப்பே ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருக்கும் பயல், ‘வலப்பக்கம்’ என்று சொல்ல மறந்து தன் சிநேகிதனைச் சுவரில் முட்டவைத்தான். முட்டவைத்துவிட்டு அவனையே திட்டவும் போனான். "மெஷினைத் திட்டாதே, கட்டளையைப் பார்" என்றேன். இப்போது பிள்ளைகள் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிகின்றன. காது புளித்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 9

நான் ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருக்கும் பிள்ளைதான் இன்று மெஷின். முகத்தில் பாதியை மூக்குக்கண்ணாடி மறைத்திருக்கும் அந்த ஒல்லிக் குட்டி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் அவள் அசையவில்லை.

"இதுதான் மெஷின். எல்லாரும் இவளைப் பாருங்க."

சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. இதுவரை அவளை யாரும் அப்படிப் பார்க்கச் சொன்னதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13

 இதை எழுதிவைக்காமல் தூக்கம் வராது.

கடைசிப் பாடவேளை. கண்ணாடி மெஷின். கட்டளை சொன்னது நான். அவள் மூலைக் கட்டத்துக்குப் போய் நின்ற நேரத்தில் தலைமையாசிரியை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. "இதோ வந்துடறேன்" என்று போனேன். உள்ளே, பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு என்ன காட்டலாம் என்ற பேச்சு. மணி அடித்தது. மழை பிடித்துக்கொண்டது. முன்வாசல் வழியாகக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு எட்டு பின்பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லையே — எனக்கென்ன புத்தி பிசகிவிட்டதா?

காவலாளி போன் செய்து சொன்ன பிறகுதான் தெரியும். மற்ற பிள்ளைகள் மழையில் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் கட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கிறாள், மழையில். "‘முடிஞ்சதும்மா, வா பாப்பா’ன்னு நானும் சொல்லிப் பாத்தேன் டீச்சர், கேக்கல" என்றார். கேட்க மாட்டாள். கட்டளை சொன்ன ஆளே சொல்ல வேண்டும் அல்லவா. கடைசியில் அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தூக்கும்போது கை கால் எல்லாம் விறைப்பாக இருந்ததாம்.

ஆகஸ்ட் 14

அவள் வரவில்லை. காய்ச்சலாம்.

ஆகஸ்ட் 16

அவள் அம்மா, கடைவீதியில் தையற்கடை வைத்திருப்பவர், பள்ளிக்கு வந்தார். கத்தினால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"சொன்னபடி கேக்குறதை நாங்களே வீட்டுல நல்லாக் கத்துக்குடுத்துட்டோம் டீச்சர். இங்கயாவது யோசிக்கக் கத்துக்குவான்னுதான் அனுப்பினேன்."

அந்தக் கட்டப் பாடத்துக்கு நான் வைத்திருந்த பெயரே ‘யோசிக்கும் பாடம்’.  

அவளைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றியாயிற்று. மழையில் அழிந்ததுபோக மிச்சமிருந்த கட்டங்களைத் தலைமையாசிரியை கழுவச் சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர் இல்லாமலே இவ்வளவு வில்லங்கமா? இனிமே புத்தகத்தை மட்டும் வாசிங்க போதும்." வாளித் தண்ணீரை நானே ஊற்றினேன்.

ஆகஸ்ட் 17

"வேணும்னா செஞ்ச? விடு" என்கிறார் வீட்டுக்காரர். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் அசையாமல் நின்றதற்கு அவளைப் பாராட்டியது யார்? அடுத்த தடவை அவள் வேறென்ன செய்வாள்? எனக்கு என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 18

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நியாயம்தான். அவர் இடுப்புக்குப் பின்னாலிருந்து கண்ணாடி எட்டிப் பார்த்தாள்.

"நான் தப்பாப் பண்ணிட்டேனா டீச்சர்?"

"இல்லடா. நீ சரியாத்தான் பண்ணின. கட்டளைதான் தப்பு. அது என்னோடது."

கொஞ்சம் யோசித்தாள். "அதுல எந்த இடம் தப்பு?"

"நீயே தேடிப் பாரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "போய்ப் படு" என்றார். போய்விட்டாள். சொன்னதும் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26

புத்தகம் வாசித்தோம். "கட்டம் எப்ப டீச்சர்?" என்று வாயாடி கேட்டான். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 4

பக்கத்துப் பிரிவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்த சார் யாரையாவது வெளியே நிற்கவைப்பது தினமும் நடப்பது. இன்று கண்ணாடியின் முறை, ஏதோ நோட்டு கொண்டுவரவில்லையாம். "போய் வெளிய நில்லு" என்ற சத்தம் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்திவிட்டேன்.

"எது வரைக்கும் சார்?"

முதலில் யார் குரலென்றே தெரியவில்லை. அந்தக் குரலை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்?

"நான் சொல்ற வரைக்கும்."

"நீங்க மறந்துட்டா?"

 வாயாடி பலகைத் தடுப்பில் காதை வைத்தான்.

"...மணி அடிக்கிற வரைக்கும். போ."

"சரி சார்."

வெளியே வந்து சுவரோரம் நின்றாள். என் வாசலிலிருந்து பார்த்தால் தெரிவாள். நான் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. இடைவேளையில் அந்த சார் என்னிடம் வந்து, "எல்லாம் உங்க வேலைதானே? எதிர்த்துப் பேசக் கத்துக்குடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கட்டளையில் எந்த இடம் தப்பு என்று அவளே கண்டுபிடித்தாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை.

எழுத விட்டுவிட்டேனே. மணி அடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் அவள் உள்ளே போய்விட்டாள்.