காய்ந்த தரை

மார்ச் 3, செவ்வாய்

தண்ணீர் ஸ்கூட்டர் இன்றும் மானத்தை வாங்கிவிட்டது. முழு வேகம் வைத்த நாலாவது நிமிடம் சூட்டு விளக்கு எரிந்து, பீப் பீப் என்று கத்தி, வேகம் தானாகக் குறைந்துவிட்டதாம். மச்சினி அதைத் தாஜா செய்து கரை சேர்த்தாள். கடற்கரை மீட்புக் குழுவில் அதை ஓட்டுவது அவள், பழுது பார்ப்பது நான்.

கொட்டகையில் தண்ணீர்க் குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டினேன். ஐந்தைந்து நிமிடமாக மூன்று தடவை. பக்கத்துத் துளையில் தண்ணீர் ஜோராகப் பீய்ச்சியது. சூடே இல்லை. வண்டிக்குப் பின்னால் தரைகூடக் காய்ந்தே கிடந்தது, துடைக்கிற வேலை மிச்சம். கரையில் இவ்வளவு சமர்த்தாக இருப்பது கடலில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

மார்ச் 4

சூடு காட்டும் சென்சாரை மாற்றினேன். எஞ்சின் பக்கத்து ஹோஸ்களைக் கழற்றி ஊதினேன். அடியில் தண்ணீரை உறிஞ்சும் இடத்துக் கம்பி வலையில் பாசி அடைப்பும் இல்லை. மச்சினி கடலில் ஓட்டினால் மறுபடி அதே கதை.

வீட்டுக்குப் போனால் மனைவி, "சோபா குஷன் மூலையை எலி கடிச்சுதா, நீங்க கடிச்சீங்களா?" என்கிறாள். எதற்கோ வெட்டினேன். எதற்கென்று இப்போது யார் கண்டது? என் தலையே எஞ்சினாகக் கொதிக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீந்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரைப் பாறைக்கு அப்பால் நீரோட்டம் இழுத்துவிட்டது. மச்சினி ஸ்கூட்டரில் பாய்ந்தாள். பாதி வழியில் வண்டி படுத்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு மிதவையோடு நீந்திப் போய்த்தான் அவரைப் பிடித்திருக்கிறாள். பாறையில் கிழித்து அவள் கையில் பதினொரு தையல். வாத்தியார் ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல்.

எங்கள் தலைவரைக் கேப்டன் என்போம். "தப்பு வண்டி மேலயா, ஓட்டினவ மேலயா?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, கேப்டன். பாசி மேல ஏத்தியிருப்பா." சொன்னேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கொட்டகையில் ஓட்டிப் பார்த்தவன் நான்தானே?

மார்ச் 7

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு கொட்டகைக்கு வந்தாள்.

"மாமா, பாசி இருந்த பக்கமே நான் போகல. சத்தியமா."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள்.

மார்ச் 8

வாத்தியாருக்கு இன்னும் நினைவு வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

பக்கத்துக் கடற்கரையிலிருந்து மாற்று ஓட்டுநர் வந்தார். நிதானமான ஆள். அவர் ஓட்டியும் நாலாவது நிமிடம் விளக்கு எரிந்தது. வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்தேன்.

குழாயை மாட்டியபோது அவர் குனிந்து பார்த்து, "எங்க வண்டியில பின்னாடியும் ஆறா ஓடும். இங்க சொட்டுக்கூட இல்லையே?" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

காய்ந்த தரை! ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், மடையன்.

பம்பைக் கழற்றினேன். கடல் தண்ணீர் எஞ்சினுக்கு ஏறுகிற சின்னத் துளைக்குள் கம்பியை விட்டு இழுத்தேன். மஞ்சள் ஸ்பாஞ்சு வந்தது. எங்கள் வீட்டு சோபா குஷன்.

கடற்கரை மூடியிருந்த மூன்று மாதமும் குளவி மண்கூடு கட்டுமே என்று நான்தான் அதை அங்கே அடைத்தேன். திறந்தபோது நானேதான் பிடுங்கினேன். பாதி பிய்ந்து உள்ளேயே தங்கியது தெரியவில்லை. குழாய்த் தண்ணீர் அந்த அடைப்புக்கு அப்பால், நேராக எஞ்சினுக்குள் போகிறது. அதனால்தான் கரையில் ஒரு குறையும் இல்லை; மிச்சத் தண்ணீர் அந்தத் துளை வழியே திரும்பிப் பின்னால் வழிய முடியாமல் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. கடலில் அந்தத் துளை ஒன்றுதான் வழி.

யாரும் பார்க்கவில்லை. ஸ்பாஞ்சு என் சட்டைப் பையில்.

மார்ச் 10

மாற்று ஓட்டுநர் கையில் வண்டி இன்று அரை மணி நேரம் ஓடியது. விளக்கு எரியவில்லை.

நேற்று விளக்கு எரிந்தது கேப்டனுக்குத் தெரியாது. என் தோளில் தட்டி, "பாத்தியா? ஓட்டுற கை மாறினதும் வண்டி அடங்கிருச்சு. நீ சொன்னதுதான் சரி" என்றார்.

நான் தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனே! நானெல்லாம் ஒரு மனுஷனா? அவளுக்குப் பதினொரு தையல். எனக்குப் பாராட்டு.

இரண்டு கவளம்கூட இறங்கவில்லை. மனைவி அந்தக் குஷன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 11

ஸ்பாஞ்சைக் கேப்டன் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து நான் தட்டிக்கொடுத்தப்பவும் இது உன்கிட்டதான் இருந்துச்சா?"

"பையில இருந்துச்சு."

கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு அங்கிருந்து மச்சினி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல கையை நீட்டி, ஸ்பாஞ்சை வாங்கி, ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கா?"

கதவைச் சாத்திவிட்டாள். மாமா என்று கூப்பிடவில்லை.

மார்ச் 14

வாத்தியார் கண் விழித்தார். நனைந்த லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். இப்போது என் வேலை அவற்றைக் கழுவுவதுதான்.

மார்ச் 29, ஞாயிறு

மச்சினி வேலைக்குத் திரும்பி மூன்று நாளாகிறது. புது மெக்கானிக் குழாயை மாட்டி ஓட்டும்போதெல்லாம் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, தரை நனைகிறதா என்று தானே பார்க்கிறாள். யார் சொன்னாலும் நம்புவதில்லை. என்னை "மெக்கானிக் சார்" என்கிறாள். அந்த வேலை இப்போது என்னிடம் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறாள்.

இன்று பாறை வரைக்கும் முழு வேகத்தில் போய்த் திரும்பினாள். நான் ஜாக்கெட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை மேலே இழுத்து, இருக்கையைக் கழற்றி, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டாள்.

"தொட்டுப் பாருங்க, மாமா."

கையைத் துடைத்துக்கொண்டு போய் வைத்தேன். வெதுவெதுப்புத்தான்.