கிளினிக் வாசலில் வைத்துப் பிடித்தார்கள்

பீடோங்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் லிண்டாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இங்கே சுகம், உடம்பைப் பொறுத்தவரை சுகம், மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் வாட்ஸாப்பில் முகத்தைப் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படுவாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான், உன் தம்பி டேரிலுக்கு எல்லாம் கேட்டுவிடும். பக்கத்து வீட்டுத் தேவகி அக்காவின் மகள் படிக்க நாளை மறுநாள் மெல்போர்ன் கிளம்புகிறாள், அவள் கையில் இதையும் இரண்டு டின் முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாடு கேட்டாய், வைக்கவில்லை. ஏர்போர்ட்டில் அதைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு அபராதமும் போட்டால் அவள் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.

உன் தம்பியைப் போலீஸ் பிடித்துவிட்டது. பதறாதே, இப்போது வீட்டில்தான் இருக்கிறான். போன வாரம் அவனுக்குக் காய்ச்சல், தூங்குகிறான் என்று உன்னிடம் சொன்னது பொய், அப்போது அவன் லோக்காப்பில் இருந்தான். காலையில் கிளினிக்குக்குப் போய் அவர்கள் கண் முன்னாலேயே பழக்கத்தை விடக் கொடுக்கிற அந்த மருந்தைக் குடித்துவிட்டு வருவான், உனக்குத் தெரியும். அதைக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் போதைப் பவுடர் பக்கம் போகாமல் இருந்தான், டயர் கடையில் வேலை நிலைத்தது, முகத்தில் சதை வைத்தது, என் ரசத்தில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்கு மனுசனாகிவிட்டான். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டாளிகள் கூப்பிட்டுப் போய் ஒரு தடவை வழுக்கிவிட்டான். நான் மறைக்கவில்லை, அது அவன் தப்புதான். ஆனால் மறுநாள் அவனே மருந்து கொடுக்கிற மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறான். அவர் திட்டவில்லை, மருந்தை மட்டும் விட்டுராதே, நாளைக்கும் வா என்றாராம். அந்த நாளைக்குத்தான் கிளினிக் கேட்டைத் தாண்டும்போது போலீஸ்காரர்கள் வேனைக் குறுக்கே நிறுத்தி, சோதிக்க மூத்திரம் கேட்டிருக்கிறார்கள். உள்ளே உண்மையைச் சொன்னதற்கு மருந்து கொடுத்தார்கள், வெளியே அதே விஷயத்துக்குக் கையில் விலங்கு. அப்பாவும் நானும் போய் ஜாமீனில் கூட்டிவந்தோம். அடுத்த மாதம் கோர்ட். வேலை கொடுத்த டயர் கடைத் தவுக்கே நல்லவர்தான், ஆனாலும் கேசு முடிஞ்சதும் வா என்று சொல்லிவிட்டார்.

வந்ததிலிருந்து கிளினிக்குக்குப் போகமாட்டேன் என்கிறான். போனாத்தானேம்மா புடிக்கிறாங்க, வீட்ல கெடந்தா எவன் புடிக்கப் போறான் லா என்கிறான். மருந்து இல்லாமல் காலைக் காலை உதைத்துக்கொண்டு பாயில் புரள்கிறான், கஞ்சிகூட இறங்கவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது. நான் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், கிழவியை ஏற்றிக்கொண்டு போகிறவனை யார் நிறுத்துவார்கள் என்று கேட்டேன், சிரிக்கக்கூட இல்லை. அந்தப் பழைய கூட்டாளிகளின் மோட்டார் சத்தம் தாமான் தெருவில் கேட்டாலே எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். இவன் இந்த வேதனை தாங்காமல் எழுந்து அவர்களோடு போய்விட்டால், அதற்குப் பிறகு எந்தச் சட்டம் வந்து என் பிள்ளையைத் திருப்பித் தரும். பழக்கம் உள்ளவர்களை ஜெயிலில் போடாதே, வைத்தியம் கொடு என்று பேசுகிற அந்த வேலைக்கு நீ சேர்ந்தபோது நான் பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கும். ஊரில் பொம்பளைப் பிள்ளைகள் பேங்கில் வேலை செய்கிறார்கள், நீ மட்டும் பவுடர் அடிக்கிறவனுக்கு வக்காலத்து வாங்குகிறாயே என்றேன். அப்பா கோயிலில் கேட்கிறவர்களிடம் என் மகள் சுகாதார இலாகாவில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தார். போதைப்பொருளோடு போர் போர் என்கிறார்கள், விற்கிறவன் எங்கேயோ சௌகரியமாக இருக்கிறான், மருந்து குடிக்கப் போகிறவன்தான் கையில் சிக்குகிறான். இதை நீ பேசும்போது எனக்கு ஏறவில்லை, இப்போது ஏறுகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன வருசம் தேவகி அக்காவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினவனும் அந்தப் பழக்கம் உள்ளவன்தான். அவளிடம் போய் உன் பேச்சைப் பேச எனக்கு வாய் வராது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அப்பாவோடு ரொட்டிக் கடையில் காலையில் தேத்தண்ணி குடிப்பாரே சிவநேசன், போலீஸில் இருக்கிறவர், அவர் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அக்கா, அண்ணன் கேட்டுக்கிட்டதுனாலதான் செஞ்சேன், சும்மா மெரட்டி விட்டுரலாம்னு நெனச்சேன், அன்னிக்கின்னு பார்த்து பெரிய ஆபீசரு கூட வந்துட்டாரு, அதுக்கப்புறம் என் கையில ஒண்ணுமில்லக்கா என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்பா ஓரமாக மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார். அந்த ஞாயிறு டேரில் வந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் ரொட்டிக் கடையில் உன் அப்பாதான் அவரிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் மெரட்டி வைப்பா, ரெண்டு தட்டு தட்டுனா பயந்துருவான் என்று. எத்தனை மணிக்குக் கிளினிக்கிலிருந்து வெளியே வருவான் என்பதையும் இவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நம் ஆட்கள் அடங்காத பிள்ளைக்கு எப்போதும் செய்கிற காரியம்தான், தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி வைப்பது. இவர் பெற்ற பாசத்தில்தான் செய்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். குருண் பேக்டரி கேட்டில் ஜாகாவாகக் காவல் வேலைக்குப் போகிறார், வருகிறார், சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கில் போட்டால்தான் திருந்துவார்கள் என்று டிவியைப் பார்த்துக் கத்தின மனுசன், இப்போது செய்தி வந்தால் எழுந்து வெளியே போகிறார்.

டேரிலுக்கு இது தெரியாது. நானே சொல்கிறேன் என்று அப்பா சொன்னார். சொல்லவில்லை. அவன் அறை வாசலில் போய் நிற்கிறார், சாப்பிட்டியாப்பா என்று கேட்கிறார், திரும்பி வந்துவிடுகிறார். கோர்ட்டில் யாராவது வாய்தவறிச் சொல்லி அவன் கேட்பதற்கு முன்னால் அப்பா வாயால் கேட்கட்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார். உன் வேலையில் நீ பேசப்போகிற கூட்டத்தில் தம்பியின் கதையைச் சொல்லலாமா என்று முன்பு என்னிடம் அனுமதி கேட்டாய். இப்போது வேண்டாம் மகளே. அது அவன் கதை, அதில் பாதி அவனுக்கே இன்னும் தெரியாது. எல்லாம் தெரிந்த பிறகு அவனையே கேள், அவன் சரி என்றால் அப்பா செய்ததையும் சேர்த்துச் சொல், அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்திரு. அப்பா சொல்லி முடித்த பிறகு டேரில் அவரிடம் பேசமாட்டான், என்னிடமும் பேசமாட்டான், எல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை நாள் அவனுக்குக் கஞ்சி ஊற்றினவள் நான். அவனுக்கு மிச்சம் இருப்பது அக்கா நீ ஒருத்திதான். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அவன் கூப்பிட்டால் எடு. சட்டம் பேசாதே, அப்பாவை மன்னித்துவிடு என்றும் சொல்லாதே. அழுதால் அழவிடு. அழுது முடித்ததும் மறுபடி மருந்துக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல், நான் சொல்லி அவன் கேட்கவில்லை.

உன் அம்மா,
பிரிஜெட் அந்தோணிதாஸ்